பல்லில் ஒட்டும் பசை: கொப்பளித்தால் மட்டும் போகாது

(மாகறலில் நமது அறக்கட்டளை நடத்திய குடும்ப நலக் கூட்டத்தில் பல் மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரை. கூட்டத்துக்கு வர இயலாத குடும்பங்களும் பயன்பெற வேண்டும் என்பதற்காக முழுமையாக வெளியிடுகிறோம்.)



  

பல்லைப் பற்றிப் பேச ஒரு கூட்டமா என்று சிலர் நினைக்கலாம். வலி வந்தால் ஓடுகிறோம், பிடுங்கிவிட்டு வருகிறோம், அத்தோடு கதை முடிந்தது என்பதுதான் நம்மில் பலருடைய வழக்கம். அந்தப் பல் ஏன் சொத்தையானது என்று யாரும் கேட்பதில்லை. அதைத்தான் இன்று கேட்கப் போகிறோம்.

முதலில் ஒரு சின்ன காரியம் செய்யுங்கள். வீட்டுக்குப் போய்க் கையை நன்றாகக் கழுவிக்கொண்டு, கீழ்வரிசை முன்பல்லில் ஈறு தொடும் ஓரத்தை நகத்தால் மெல்ல வழித்துப் பாருங்கள். வெள்ளையாக, மாவு போல ஒன்று நகத்தில் வரும். பலருக்கு வரும். காலையில் பல் துலக்கினோம், ஐந்து வேளை ஒளூவில் வாய் கொப்பளிக்கிறோம், அப்புறம் இது எங்கிருந்து வந்தது? சாப்பாட்டு மிச்சம் என்றுதான் பலர் எண்ணியிருக்கிறார்கள். அது சாப்பாடு அல்ல. உயிருள்ள கிருமிகள், அவை தாமே நூற்ற பசையில் ஒட்டிக்கொண்டு கட்டியிருக்கும் ஒரு குடியிருப்பு. டாக்டர்கள் இதைப் பிளேக் என்பார்கள். நான் பற்படலம் என்று சொல்கிறேன். ஒரு மில்லிகிராம் படலத்தில், அதாவது ஒரு கடுகைவிடச் சிறிய துளியில், பத்துக் கோடிக்கும் மேலான கிருமிகள் இருக்கும்.

பசை எப்படி உண்டாகிறது

பல்லை எவ்வளவு சுத்தமாகத் துலக்கினாலும் சில நிமிடங்களில் எச்சிலில் உள்ள புரதங்கள் அதன்மேல் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய பூச்சாகப் படிந்துவிடும். இது இயற்கை, இதனால் கெடுதல் இல்லை. அடுத்த சில மணி நேரத்தில் வாயில் எப்போதும் வாழும் கிருமிகள் அந்தப் பூச்சின்மேல் வந்து உட்காரும். அவற்றில் பலவும் சாதுவானவை.

பிறகு வருகிறவர்களில் ஒருவன்தான் நம்முடைய ஆள். அவன் பெயர் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ். 1924இல் லண்டனில் கிளார்க் என்ற மருத்துவ ஆய்வாளர் சொத்தைப் பற்களிலிருந்து இதைப் பிரித்தெடுத்து இந்தப் பெயரை வைத்தார். இதற்கு ஒரு தனித் திறமை உண்டு. நாம் டீயில் போடும் சர்க்கரை, குளுக்கோஸ் ஒன்று, ஃபுரக்டோஸ் ஒன்று என இரண்டு துண்டுகள் கோத்த பொருள். இந்தக் கிருமி தன் உடலுக்கு வெளியே ஒரு என்சைமை விடுகிறது. அந்த என்சைம் சர்க்கரையை இரண்டாக உடைத்து, குளுக்கோஸ் துண்டுகளை மட்டும் எடுத்து, ஒன்றோடொன்று கோத்து நீளமான சங்கிலி ஆக்குகிறது. ஆயிரக்கணக்கில் கோத்த அந்தச் சங்கிலிதான் பசை. குளுக்கான் என்று அதற்குப் பெயர். ஒருவகைச் சங்கிலி தண்ணீரில் கரையும். இன்னொரு வகை, கோக்கும் விதம் மாறியதால், தண்ணீரில் கரையவே கரையாது. அந்தக் கரையாத வகைதான் கிருமியைப் பல்லோடு சேர்த்துப் பிடித்துவைக்கிறது. மற்றக் கிருமிகளும் அதில் வந்து ஒட்டிக்கொள்கின்றன.

ஃபுரக்டோஸ் துண்டுகளும் வீணாவதில்லை. சில கிருமிகள் அவற்றையும் சங்கிலியாக்கிக் கட்டுச்சோறு போலப் பத்திரப்படுத்துகின்றன. நாம் சாப்பிடாத நேரத்தில் அதைப் பிரித்துத் தின்கின்றன.

இதே வேலையை வாய்க்கு வெளியிலும் பார்க்கலாம். நம் பக்கத்தில் கரும்பு போடுகிறவர்களுக்குத் தெரியும், வெட்டிய கரும்பைப் படாளம் ஆலைக்குச் சீக்கிரம் அனுப்பவேண்டும். நாள் கடந்தால் சாறு கொழகொழவென்று ஆகிவிடும், சர்க்கரை குறையும், குழாய் வடிகட்டி எல்லாம் அடைக்கும். அங்கே வேலை செய்வது வேறொரு கிருமி. ஆனால் தந்திரம் ஒன்றுதான்: சர்க்கரையை உடைத்து, குளுக்கோஸைக் கோத்து, பசையாக்குவது. 1861இலேயே பிரான்சில் லூயி பாஸ்டர், இந்தக் கொழகொழப்பு கிருமிகளால் வருவது என்று சொன்னார். 1874இல் அதற்கு டெக்ஸ்ட்ரான் என்று பெயர் வைத்தார்கள். ஆலைக்காரர்கள் அதற்குப் பயந்து தினமும் இயந்திரத்தைக் கழுவுகிறார்கள். நம் வாயும் சர்க்கரை வந்து போகும் ஓர் ஆலைதான்.

ஏன் கொப்பளித்தால் போவதில்லை

இதைப் புரிந்துகொள்ளப் பட்டு நெய்யும் ஊரைச் சுற்றி வாழும் நமக்கு வெளியே போகவேண்டியதில்லை. கூட்டிலிருந்து எடுத்த கச்சாப் பட்டு நூல் விறைப்பாக, மங்கலாக இருக்கும். காரணம், பட்டுப்பூச்சி இழையைச் சுற்றிப் பூசியிருக்கும் பசை. பச்சைத் தண்ணீரில் எத்தனை தடவை அலசினாலும் அது போகுமா? போகாது. சோப்பும் சோடாவும் போட்டுக் கொதிக்க வைத்தால்தான் பசை கழன்று பட்டுக்குப் பளபளப்பு வரும். எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு பசையாகவே போய்விடும். சாயம் போடுகிறவரைக் கேளுங்கள், பசை எடுக்காத நூலில் சாயம் சரியாகப் பிடிக்காது என்பார்.

பல்லில் இருக்கும் பசையும் அப்படித்தான். பல்லைக் கொதிக்க வைக்க முடியாது. ஆகவே தேய்த்துத்தான் எடுக்க வேண்டும். கொப்பளிப்பதால் நன்மை உண்டு. தங்கியிருக்கும் உணவுத் துணுக்கு போகும், சர்க்கரை நீர்த்துப்போகும். ஆனால் ஒட்டிய படலம் அசையாது.

இதை முதலில் கண்ணால் பார்த்தவர் ஒரு துணி வியாபாரி. ஹாலந்து நாட்டில் டெல்ஃப்ட் என்ற ஊரில் கடை வைத்திருந்த ஆன்டனி வான் லேவன்ஹூக். துணியின் இழையைச் சோதிக்கத் துணிக்காரர்கள் வைத்திருக்கும் கண்ணாடியைப் போன்று, அதைவிடப் பல மடங்கு பெரிதாக்கிக் காட்டும் கண்ணாடிகளைத் தாமே தேய்த்துச் செய்தார். தம் பல்லிடுக்கில் இருந்த வெள்ளை மாவை எடுத்து அதில் பார்த்தார். உள்ளே சின்னஞ்சிறு உயிர்கள் நீந்தின. 1683இல் லண்டன் ராயல் சொசைட்டிக்கு அதைக் கடிதமாக எழுதினார். வினிகரால் வாயைக் கழுவியும் பார்த்தார். மேல்பகுதியில் இருந்தவை மட்டும் செத்தன, உள்ளே இருந்தவை பிழைத்துக்கொண்டன. கடையில் விற்கும் மவுத்வாஷ் பாட்டிலை நம்பிப் பிரஷ்ஷைக் கீழே வைத்துவிடலாமா என்று கேட்பவர்களுக்கு 340 ஆண்டுகளுக்கு முன்பே கிடைத்த பதில் அது. பசை, கிருமிக்கு வீடு மட்டுமல்ல, கோட்டையும் கூட.

பசைக்குள் என்ன நடக்கிறது

கிருமி சர்க்கரையைத் தின்று அமிலத்தைக் கழிக்கிறது. அந்த அமிலம் பல்லின் மேலோட்டில் உள்ள கால்சியத்தையும் பாஸ்பேட்டையும் கரைக்கிறது. 1940களில் அமெரிக்காவில் ராபர்ட் ஸ்டீபன் என்பவர் படலத்துக்குள் அமிலத்தை அளந்து பார்த்தார். சர்க்கரைத் தண்ணீரைக் கொப்பளித்த சில நிமிடங்களிலேயே அமிலம் ஏறிவிடுகிறது. பழைய நிலைக்குத் திரும்ப அரைமணி முதல் ஒருமணி நேரம் ஆகிறது. எச்சில் அமிலத்தை முறிக்கக்கூடியது, கரைந்த கால்சியத்தைத் திரும்ப வைக்கவும் கூடியது. ஆனால் பசை தடித்திருந்தால் எச்சில் உள்ளே நுழையத் தாமதமாகும். உள்ளே அமிலம் தேங்கி நிற்கும்.

இங்கே ஒரு கணக்குப் போடுவோம். தறியில் உட்காருபவர், கடையில் நிற்பவர், வண்டி ஓட்டுபவர் ஒரு நாளைக்கு எத்தனை டீ குடிக்கிறோம்? ஐந்து என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றுக்கும் குறைந்தது அரைமணி நேரம் அமிலம். இரண்டரை மணி நேரம் ஆயிற்று. இடையில் பிஸ்கட், மிட்டாய் என்றால் இன்னும் ஏறும். பல் பழுதுபார்க்கப்படும் நேரம் குறைந்து, கரையும் நேரம் கூடிக்கொண்டே போகிறது. ஒரு டீக்கு இரண்டு ஸ்பூன் என்றால் ஐந்து டீக்குப் பத்து ஸ்பூன், சுமார் 40 கிராம் சர்க்கரை. உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொன்ன அளவு, பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு சுமார் 50 கிராமுக்குள், முடிந்தால் 25 கிராமுக்குள். டீயிலேயே பாதிக்கு மேல் தீர்ந்துவிடுகிறது. இதில் இனிப்புச் சோறு, கேசரி, ஜூஸ் எதையும் சேர்க்கவில்லை.

அளவைப் போலவே, பல்லைப் பொறுத்தவரை அதைவிடவும், எத்தனை தடவை என்பது முக்கியம். ஸ்வீடனில் வீபெஹோல்ம் என்ற மனநல மருத்துவமனையில் 1940களில் ஓர் ஆய்வு நடந்தது. சாப்பாட்டோடு சர்க்கரை கொடுக்கப்பட்டவர்களுக்குச் சொத்தை அதிகம் கூடவில்லை. சாப்பாடுகளுக்கு இடையில் ஒட்டிக்கொள்ளும் டாஃபி கொடுக்கப்பட்டவர்களுக்குச் சொத்தை வேகமாகப் பெருகியது. சம்மதம் சொல்ல இயலாத நோயாளிகளை வைத்து அப்படிச் செய்தது பெரிய அநியாயம். இன்று எந்த நாடும் அதை அனுமதிக்காது. அந்த எளியவர்களின் பற்களைக் கொடுத்துக் கிடைத்த பாடம் அது. நாம் அதை வீணாக்கக் கூடாது. இனிப்பு சாப்பிடவேண்டும் என்றால் சாப்பாட்டோடு சேர்த்துச் சாப்பிடுங்கள். நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக வேண்டாம்.

"டாக்டர், நாங்கள் வெள்ளைச் சர்க்கரை வாங்குவதில்லை, நாட்டுச் சர்க்கரைதான், கருப்பட்டிதான்" என்று தாய்மார்கள் சொல்வார்கள். வெல்லம், நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி, பனங்கற்கண்டு எல்லாவற்றிலும் பெரும்பகுதி அதே சர்க்கரைதான். கிருமிக்கு நிறம் தெரியாது. தேனிலும் நன்கு பழுத்த பேரீச்சம்பழத்திலும் பெரும்பாலும் தனித்தனி குளுக்கோஸும் ஃபுரக்டோஸும் இருப்பதால் அந்தக் கரையாத பசை அவ்வளவாக உண்டாகாது. ஆனால் அமிலம் உண்டாகும். அவை பரக்கத் நிறைந்த உணவு, தாராளமாகச் சாப்பிடுங்கள். சாப்பிட்டபின் வாயைக் கழுவுங்கள்.

தேயிலைத் தோட்டம் சொல்லும் பாடம்

எனக்குச் சொத்தையே கிடையாது, ஆகவே கவலை இல்லை என்று இங்கே சிலர் மனதுக்குள் சொல்லிக்கொள்ளலாம். அவர்களுக்காக இலங்கைக்குப் போவோம்.

1970இல் நார்வே நாட்டுக்காரரான ஹரால்ட் லோ என்ற பல் மருத்துவ அறிஞர், இலங்கையின் இரண்டு தேயிலைத் தோட்டங்களில் 480 ஆண் தொழிலாளர்களின் வாயைப் பரிசோதித்தார். மலையகத் தமிழர்கள், நம் மண்ணிலிருந்து போனவர்களின் வழிவந்தவர்கள். உடலால் ஆரோக்கியமானவர்கள். ஆனால் பல் மருத்துவமும் பல் பாதுகாப்புத் திட்டமும் அவர்களை எட்டியதே இல்லை. 15 ஆண்டுகள், 1985 வரை, திரும்பத் திரும்பச் சென்று அளந்தார்கள்.

அவர்களுக்குச் சொத்தை ஏறத்தாழ இல்லவே இல்லை. ஆனால் ஈறெல்லாம் வீங்கியிருந்தது. நூற்றில் 11 பேருக்கு அது ஈறோடு நின்றது. 81 பேருக்குப் பல்லைத் தாங்கும் எலும்பு மெல்ல மெல்லக் கரைந்தது. மீதி 8 பேருக்கு வேகமாகக் கரைந்தது. அந்த எட்டுப் பேர் வகையினர் 35 வயதில் சராசரி 12 பற்களையும், 40 வயதில் 20 பற்களையும் இழந்தார்கள். 45 வயதில் வாயில் ஒரு பல்லும் இல்லை. சொத்தையே இல்லாதவர்களுக்கு இந்தக் கதி. 1986இல் வெளியான இந்த முடிவுகளை இன்றும் உலகெங்கும் பல் மருத்துவ மாணவர்கள் படிக்கிறார்கள்.

காரணம் என்ன? ஈறோரத்தில் படலம் தங்கினால் ஈறு சிவக்கும், தொட்டால் ரத்தம் வரும். அகற்றாத படலத்தில் எச்சிலின் கால்சியம் இறங்கிக் கல்லாகும். அதுதான் காரை. கல்லின்மேல் மேலும் படலம். பல்லைச் சுற்றிப் பள்ளம் விழும், எலும்பு கரையும், கடைசியில் நல்ல பல்லே ஆடி விழும். வயதானால் பல் விழத்தான் செய்யும் என்று சொல்கிறோம். பெரும்பாலும் விழவைப்பது வயதல்ல, ஆண்டுக்கணக்கில் தங்கிய படலம். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இது இன்னும் வேகமாக நடக்கும். ஈறு நோய் முற்றினால் ரத்தச் சர்க்கரையும் கட்டுப்படாது. இரண்டும் ஒன்றையொன்று தூண்டும்.

இதே ஹரால்ட் லோ 1965இல் டென்மார்க்கில் செய்த இன்னொரு சோதனை நமக்கு நம்பிக்கை தருகிறது. ஆரோக்கியமான ஈறு உள்ள 12 பேர் பல் துலக்குவதை நிறுத்தினார்கள். 10 முதல் 21 நாளுக்குள் எல்லோருக்கும் ஈறு வீங்கியது. திரும்பத் துலக்கத் தொடங்கினார்கள், சுமார் ஒரு வாரத்தில் ஈறு பழையபடி ஆனது. எலும்பு கரைவதற்கு முன் கவனித்தால் வழி திறந்தே இருக்கிறது.

மிஸ்வாக் எனும் சுன்னத்

நபி (ஸல்) அவர்கள் தம் சமுதாயத்துக்குச் சிரமமாகிவிடுமே என்பதால்தான் ஒவ்வொரு தொழுகையின்போதும் பல் துலக்குவதைக் கட்டாயக் கட்டளை ஆக்காமல் விட்டார்கள் என்ற செய்தி புகாரி, முஸ்லிம் இரண்டு நூல்களிலும் வருகிறது. இரவில் எழுந்தால் மிஸ்வாக்கால் வாயைச் சுத்தம் செய்வார்கள் என்று ஹுதைஃபா (ரலி) அறிவிக்கிறார்கள். வீட்டுக்குள் நுழைந்ததும் முதல் வேலை அதுவாகவே இருக்கும் என்று அன்னை ஆயிஷா (ரலி) அறிவிக்கிறார்கள். இவ்வுலகை விட்டுப் பிரியும் நேரத்திலும் மிஸ்வாக்கை விரும்பிக் கேட்டார்கள்.

நாம் சுன்னத்தைப் பின்பற்றுவது அது சுன்னத் என்பதற்காகத்தான். அதற்கு ஆய்வுக்கூடத்தின் சான்றிதழ் தேவையில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ஒளூவில் வாய் கொப்பளிப்பது ஏற்கனவே இருக்கிறது. அதற்கு மேலும் தேய்ப்பதை ஏன் இவ்வளவு வலியுறுத்தினார்கள்? கொப்பளித்தலும் தேய்த்தலும் வேறு வேறு வேலை. ஒன்று மற்றொன்றின் இடத்தை நிரப்பாது. இன்று நாம் முன்னதை வைத்துக்கொண்டு பின்னதை விட்டுவிட்டோம்.

மிஸ்வாக் மரத்துக்குத் தமிழில் உகா என்று பெயர். சங்கப் பாடல்களில் உகாய் என்று வருவது இதுதான். இராமநாதபுரம் கரையோரம் போன்ற வறண்ட இடங்களில் நம் மாநிலத்திலும் வளர்கிறது. முறையாகத் தேய்த்தால் படலத்தைக் குறைப்பதில் பிரஷ்ஷுக்கு இணையாக இருக்கிறது என்று பல ஆய்வுகள் காட்டுகின்றன. முறையாக என்பதுதான் முக்கியம். நுனியை மென்று தூரிகை போல ஆக்குங்கள். ஈறோரத்திலிருந்து பல்லின் நுனிப் பக்கமாக மெதுவாகத் தேயுங்கள். பலத்தைக் காட்டினால் ஈறு தேய்ந்து இறங்கிவிடும். தேய்ந்த நுனியை அடிக்கடி நறுக்கிவிட்டுப் புதிய நுனி எடுங்கள். சட்டைப் பையில் வாரக்கணக்கில் கிடக்கும் பழைய நுனி வேண்டாம். ஒருவர் குச்சியை இன்னொருவருக்குத் தர வேண்டாம். பெரும்பாலானவர்கள் முன்பல்லைத் தேய்த்துவிட்டு முடித்துக்கொள்கிறார்கள். கடைவாய்ப் பல்லுக்கும் உள்பக்கத்துக்கும் குச்சி எளிதில் எட்டாது. படலம் அதிகம் தங்குவதும் அங்கேதான்.

அதனால் நான் சொல்வது, பகலில் தொழுகைக்கு மிஸ்வாக், காலையிலும் இரவு படுக்கும் முன்பும் மென்மையான பிரஷ்ஷும் ஃபுளோரைடு உள்ள பேஸ்ட்டும். ஃபுளோரைடு, கரையத் தொடங்கிய பல் ஓட்டைத் திரும்ப உறுதியாக்குகிறது. 2021இல் உலக சுகாதார நிறுவனம் ஃபுளோரைடு பேஸ்ட்டை அத்தியாவசிய மருந்துகள் பட்டியலிலேயே சேர்த்துவிட்டது. பிரஷ்ஷில் பன்றி முடி இருக்குமோ என்று அந்தக் காலப் பெரியவர்கள் தயங்கியதுண்டு. 1938இல் நைலான் வந்தபின் அந்தக் கவலை பெரும்பாலும் போய்விட்டது. கடைகளில் நாம் வாங்குவது நைலான்தான். கரித்தூள், செங்கல் தூள், உப்பு, சாம்பல் போட்டுத் தேய்க்காதீர்கள். பசையோடு சேர்ந்து பல்லும் தேயும். புகையிலை கலந்த பல்பொடியை 1992இலேயே மத்திய அரசு தடை செய்துவிட்டது. யாராவது கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

"மிஸ்வாக் செய்தால் ரத்தம் வருகிறது, ஒளூ முறிந்துவிடுமோ என்று விட்டுவிட்டேன்" என்பவர்கள் உண்டு. சட்டத்தை ஹஜ்ரத்திடம் கேளுங்கள். ஒளூ தொடங்கும் முன்பே தேய்த்துவிட்டால் சிக்கல் குறையும். மருத்துவம் சொல்வது இது: ரத்தம் வருவது நிறுத்தச் சொல்லும் அடையாளம் அல்ல. அங்கே படலம் இருக்கிறது, மெதுவாக, தவறாமல் சுத்தம் செய் என்று சொல்லும் அடையாளம். இரண்டு வாரமாகியும் நிற்காவிட்டால் காரை இருக்கும், மருத்துவரிடம் வாருங்கள். காரை எடுத்தால் பல் ஆடும் என்பது தவறான நம்பிக்கை. ஏற்கனவே ஆடிக்கொண்டிருந்த பல்லைக் கல் பிடித்துவைத்திருந்தது, அவ்வளவுதான்.

பிள்ளைகளின் பல்

தாய்மார்களே, இதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். பால் பல் எப்படியும் விழத்தானே போகிறது என்று விட்டுவிடுகிறோம். கடைவாய்ப் பால் பல் பத்து, பன்னிரண்டு வயது வரை இருக்க வேண்டியது. முன்னதாகப் பிடுங்கினால் அடுத்து வரும் பல்லுக்கு இடமில்லாமல் கோணலாக முளைக்கும். அதைவிட, மூன்று வயதுப் பிள்ளை இரவெல்லாம் பல்வலியில் அழுவதை யார் தாங்குவது?

பிள்ளை தூங்குவதற்காகச் சர்க்கரை போட்ட பால் பாட்டிலை வாயில் வைத்துவிடுகிறோம். தூங்கும்போது எச்சில் சுரப்பது மிகவும் குறைந்துவிடும். அமிலத்தை முறிக்க ஆள் இல்லை. சர்க்கரைப் பால் பல்லைச் சுற்றி இரவு முழுக்க நிற்கும். மேல்வரிசை முன்பற்கள் நான்கும் கறுத்துக் கரைந்து போவது இப்படித்தான். பாட்டிலைப் படுக்கைக்குக் கொண்டுபோகாதீர்கள். அழும் பிள்ளையை அடக்க மிட்டாயோ, தேனில் தோய்த்த ரப்பரோ கொடுக்காதீர்கள். முதல் பல் முளைத்த நாளிலிருந்தே துலக்கிவிடுங்கள். மூன்று வயது வரை அரிசி அளவு பேஸ்ட், அதன்பின் ஆறு வயது வரை பட்டாணி அளவு போதும். ஏழெட்டு வயது வரை பிள்ளை தானே துலக்கினாலும் கடைசியில் அம்மாவோ அத்தாவோ ஒருமுறை துலக்கிவிட வேண்டும்.

இன்னொரு செய்தி. ஆறு வயதில் கடைசிப் பால் பல்லுக்குப் பின்னால் ஒரு பெரிய கடைவாய்ப் பல் முளைக்கும். எதுவும் விழாமல் முளைப்பதால் அதையும் பால் பல் என்றே நினைத்துவிடுகிறார்கள். அது ஆயுளுக்கும் இருக்க வேண்டிய பல். அதில் சொத்தை வந்து பிடுங்கினால் வேறு முளைக்காது. இன்று இரவு உங்கள் வீட்டு ஆறேழு வயதுப் பிள்ளையின் வாயை டார்ச் அடித்துப் பாருங்கள்.

அரசுப் பள்ளிகளுக்கும் அங்கன்வாடிகளுக்கும் வரும் மருத்துவக் குழு பல்லையும் பார்க்கும். சீட்டு எழுதிக் கொடுத்தால் அலமாரியில் வைத்துவிடாமல் அழைத்துப் போங்கள். காஞ்சிபுரம் அரசு மருத்துவமனையில் பல் பிரிவு இருக்கிறது. பெரிய சிகிச்சை வேண்டுமானால் சென்னையில் 1953 முதல் இயங்கும் அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. சிறிய சொத்தையிலேயே வந்தால் செலவும் வலியும் குறைவு.

ரமளானில் கவனிக்க வேண்டியது

நோன்பு நாட்களில் நம் பழக்கம் தலைகீழாகிறது. இஃப்தாரில் பேரீச்சம்பழம், சர்பத், நோன்புக் கஞ்சி, வடை. தராவீஹ் முடிந்து டீ, இனிப்பு. ஸஹரில் சாப்பிட்டு, தொழுதுவிட்டு அப்படியே படுத்துவிடுகிறோம். அந்தத் தூக்கத்தில்தான் படலத்துக்கு விருந்து. ஸஹர் முடிக்கும் முன் ஐந்து நிமிடம் மீதம் வைத்து, பிரஷ்ஷும் பேஸ்ட்டும் கொண்டு துலக்கிவிடுங்கள். இரவு உறங்கும் முன்பும் ஒருமுறை. பகலில் மிஸ்வாக் இருக்கிறது. ஹனஃபி மத்ஹபில் நோன்பு நாள் முழுவதும் கூடும் என்பார்கள். ஷாஃபி மத்ஹபில் உச்சி சாய்ந்தபின் விரும்பத்தக்கதல்ல என்பது பிரபலமான கருத்து. உங்கள் இமாமிடம் கேட்டு நடந்துகொள்ளுங்கள்.

முடிக்கும் முன் மூன்றே செய்தி. நாளைக்கு ஒரு டீயாவது சர்க்கரை இல்லாமல் குடிக்கப் பழகுங்கள், ஐந்து தடவை என்பது மூன்றாகட்டும். இரவு துலக்காமல் யாரும் படுக்கக் கூடாது என்பதை வீட்டுச் சட்டமாக்குங்கள், துலக்கியபின் தண்ணீர் தவிர எதுவும் வேண்டாம். மிஸ்வாக்கை முன்பல்லோடு நிறுத்தாதீர்கள்.

பசை ஒவ்வொரு நாளும் உண்டாகும். அதைத் தடுக்க முடியாது, ஒவ்வொரு நாளும் எடுத்துவிட முடியும். பல் அல்லாஹ் தந்த அமானிதம். குர்ஆனை ஓதும் வாய், ஸலாம் சொல்லும் வாய் சுத்தமாக இருக்கட்டும். நம் பிள்ளைகள் வலியில்லாமல் உண்ணவும் உறங்கவும், நம் பெரியவர்கள் சொந்தப் பல்லோடு கடைசிவரை சாப்பிடவும் அல்லாஹ் தவ்ஃபீக் செய்வானாக. ஆமீன்.